விளக்கு வைக்கும் நேரம், இரவு 10:22

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் விளக்கு வைக்க யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. எதிர்வீட்டு வேப்பமரத்தில் காக்கைகள் அடைய ஆரம்பித்தால் அம்மா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போவாள். ஆறு, மிஞ்சிப்போனால் ஆறரை. வேலை கிடைத்து நான் லாட்வியாவுக்குக் கிளம்பியபோது ஒரு சின்னக் காமாட்சி விளக்கைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். "சாமி கும்பிடறதும் கும்பிடாததும் உன் இஷ்டம். பொழுது சாயறப்போ வீடு இருட்டாக் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்."

தலைநகர் ரீகாவில் எந்தப் பொழுது என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

போன முதல் டிசம்பரில் பிற்பகல் 3:43-க்குப் பொழுது சாய்ந்தது. அலுவலகத்தில் மத்தியானக் காப்பி ஆறுவதற்குள் வெளியே தெருவிளக்கு எரிந்துவிடும். சனி ஞாயிறுகளில் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு உடனே விளக்கேற்றுவேன். அப்புறம் வெளிச்சம் நாளுக்கு நாள் பின்னால் நகர்ந்தது. மார்ச்சில் ஆறரை, ஏப்ரல் கடைசியில் ஒன்பது. (நடுவில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததில் எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பியது.) ஜூனில் திரியும் எண்ணெயும் தயாராக வைத்துக்கொண்டு ஜன்னலருகே கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருப்பேன். சூரியன் போகிற வழியாக இல்லை. செல்பேசி சொன்ன நேரம் 10:22. அம்மா அப்போது ஊரில் நடுநிசி தாண்டித் தூங்கிக்கொண்டிருப்பாள்.

தினமும் ராத்திரி பத்தரை வரை விழித்திருப்பதால் காலையில் அலுவலகத்தில் தூங்கி வழிந்தேன். என்ன விஷயம் என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்படியானால் இருபத்து மூன்றாம் தேதி நீ எங்கள் ஊருக்கு வரவேண்டும். நாங்களும் அன்றைக்குப் பொழுது சாயும்போதுதான் நெருப்பு வைப்போம்" என்றாள்.

அது 2022. அதற்குப் பிறகு எந்த யாஞியையும் நான் விட்டதில்லை.

யாஞி என்பது திருவிழாவின் பெயர். லாட்விய எழுத்தில் 'ந'வுக்குக் கீழே ஒரு சின்னக் கால் போட்டு எழுதும் ஒலி அது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அதைச் சொல்ல வராமல் தவிப்பார்கள். நமக்கு 'ஞ' இருக்கிறது, ஒரு சிரமமும் இல்லை. ஜூன் 23 லீகோ நாள், 24 யாஞி நாள், இரண்டும் அரசு விடுமுறை. யானிஸ் என்றால் யோவான், நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சொல்லும் அருளப்பர். ஸ்நானக அருளப்பரின் பிறந்தநாளைத் திருச்சபை ஜூன் 24-இல் வைத்தது. பழைய ரோமானிய நாட்காட்டியில் கோடைக் கதிர்த்திருப்பமும், அதாவது வருடத்தின் மிக நீண்ட பகலும், அந்தத் தேதியை ஒட்டித்தான் இருந்தது. பெயர் கிறிஸ்தவப் பெயர்தான், ஆனால் விழாவில் அருளப்பரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

உண்மையான கதிர்த்திருப்பம் ஜூன் 20 அல்லது 21. இரண்டு நாள் தள்ளிக் கொண்டாடுவதால் ஒன்றும் குறைந்துவிடாது, அந்த வாரத்தில் பகலின் நீளம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. ரீகா வட அட்சரேகை 57 பாகையில் இருப்பதால் அங்கே அன்றைய பகல் கிட்டத்தட்ட 17 மணி 53 நிமிடம். டிசம்பர் பகல் 6 மணி 43 நிமிடம். கும்பகோணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். நம் ஊரில் நடு உச்சி வெயில் ஏப்ரலில் ஒருமுறை தலைக்கு மேலே வந்து, ஆகஸ்டில் மறுபடி வரும். நடுவே ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போயிருப்பதால் மத்தியான நிழல் தெற்கே விழும். அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை, ஏனென்றால் வெயில் அப்படியேதான் இருக்கிறது. தட்சிணாயனம் பிறந்துவிட்டது என்று பஞ்சாங்கம் சொல்வதே ஆடி ஒன்றாம் தேதிதான், சூரியன் திரும்பி மூன்று வாரத்துக்கும் மேலே ஆன பிறகு. இங்கே அப்படி மெத்தனமாக இருக்க முடியாது. ஆறே முக்கால் மணி நேரப் பகலில் ஒரு குளிர்காலத்தைக் கழித்துப் பாருங்கள், சூரியனை ஏன் ராத்திரி முழுக்க வழியனுப்பி வரவேற்கிறார்கள் என்று விளங்கும்.

இருபத்திரண்டாம் தேதி ரீகாவின் டோம் சதுக்கத்தில் புல் சந்தை கூடும். பெயரே அதுதான். கட்டுக் கட்டாகப் புல், தழை, காட்டுப்பூ, ஓக் இலைத் தலைக்கண்ணி, சீஸ், ரொட்டி. நகரவாசிகள் காசு கொடுத்து வாங்குவார்கள். பக்கத்து மேசைத் தோழியின் வீட்டில் அதெல்லாம் கேவலம். ட்சேசிஸ் என்ற ஊர்ப் பக்கம் அவர்களுக்கு ஒரு பண்ணை வீடு இருக்கிறது. இருபத்து மூன்றாம் தேதி காலை போய் இறங்கியதும் எனக்கு ஒரு கூடையைக் கொடுத்து வயலுக்கு விரட்டினார்கள். அன்று பறிக்கும் எல்லாச் செடிக்கும் ஒரே பெயர், 'யாஞுசாலெஸ்'. மற்ற நாளில் அது வெறும் புல். அன்றைக்கு மட்டும் மருந்து. டெய்சி, நீலக் கார்ன்ஃபிளவர், குளோவர், மஞ்சளாய்ப் பொடிப்பொடியாகப் பூக்கும் மதாரா என்று தோழி பெயர் சொல்லிக்கொண்டே போனாள். எனக்குப் பாதிக்கு மேல் தங்கவில்லை. வாசலின் இரு பக்கமும் இளம் பிர்ச் மரங்களை வெட்டி நட்டார்கள், நம் கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டுவதுபோல. மாட்டுக்கொட்டகைக் கதவில் ரோவன் மரக் கிளையைச் செருகினார்கள். எதற்கு என்று கேட்டேன். பொறாமைக்காரர்கள் வந்து பாலைக் கெடுத்துவிடாமல் இருக்க என்றார் தோழியின் அம்மா. அதற்கு எனக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

குளத்தோரம் வாள்போல நீண்ட தழை ஒன்றை அறுத்து வந்து கூடத்தில் பரப்பினார்கள். மிதித்ததும் ஒரு வாசனை எழுந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கேயோ நன்றாகத் தெரிந்த வாசனை, ஆனால் இந்த நாட்டில் தெரிந்தது இல்லை. அக்காவின் குழந்தை, தொட்டில், சுட்ட கரி. கல்மே என்றார்கள் அதன் பெயரை. செல்பேசியில் தாவரவியல் பெயரைத் தேடினேன். வசம்பு!

கிழங்காகவும் கருகலாகவும் மட்டுமே எனக்குத் தெரிந்த வசம்பு, பச்சைத் தழையாகத் தரையில் கிடந்தது. எங்கள் பக்கம் ராத்திரியில் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள், 'பேர் சொல்லாதது' என்பார்கள். குழந்தையின் கையில் கட்டுவார்கள், சுட்டு உரசி வயிற்றில் தடவுவார்கள். இதை நான் தட்டுத்தடுமாறிச் சொன்னபோது தோழியின் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். தோழி மொழிபெயர்த்தாள்: "பெயர் சொல்லக்கூடாது என்றால் கடையில் எப்படிக் கேட்டு வாங்குவீர்கள்?" பகலில் வாங்குவோம் என்றேன். பாட்டிக்கு அது சரியாகப்பட்டது.

லாட்வியர்கள் இந்தியரைப் பார்த்தால் ஒரு விஷயத்தை ஆசையாகச் சொல்வார்கள்: எங்கள் மொழியும் உங்கள் மொழியும் சொந்தம். உகுன்ஸ் என்றால் அக்னி, தியெவ்ஸ் என்றால் தேவன், தியெனா என்றால் தினம், மாத்தே என்றால் மாதா. தோழியின் மாமா என்னிடம் இதை மூன்று முறை சொன்னார். என் மொழி அந்தக் குடும்பம் இல்லை, நான் தீ என்றும் நாள் என்றும் சொல்கிற கூட்டம் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். அவர் முகம் வாடியது. நாலாவது முறை சொன்னபோது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வசம்பு பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம், அது நிஜமான சொந்தம்.

மத்தியானம் முழுக்க சீஸ். யாஞி சீஸ் இல்லாமல் யாஞி இல்லை. பாலைக் காய்ச்சி அதில் புளித்த தயிர்க்கட்டியைப் போட்டுத் திரிய விட்டு, துணியில் வடித்து, வெண்ணெய், முட்டை, உப்பு, கேரவே விதை சேர்த்துக் கிளறி, மறுபடி துணியில் உருட்டிக் கட்டிக் கல்லை வைத்து அழுத்துகிறார்கள். கேரவே நம் பிரியாணி ஷாஜீராவுக்கு நெருங்கிய உறவு. கல்லை எடுத்தால் மஞ்சளாக வட்டமாக ஒரு சூரியன். கிளறும் வேலை எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் பால்கோவா கிளறிய கை, ஒன்றும் சோடை போகவில்லை. ஆண்கள் பீர்ப் பீப்பாயைப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு ஏன் நாலு பேர் என்று தெரியவில்லை.

அப்புறம் கண்ணி கட்டினோம். லாட்வியர்கள் வைனக்ஸ் என்கிறார்கள். மாலை என்று சொன்னால் கழுத்தில் விழுந்துவிடும், தலையில் சூடுவதற்கு நம்மிடம் கண்ணி என்று தனிச் சொல்லே இருந்தது. பெண்களுக்குப் பூக்கண்ணி, ஆண்களுக்கு ஓக் இலைக் கண்ணி. தொந்தியும் அரைக்கால் சட்டையுமாக இருந்த அந்த மாமா இலைக் கண்ணி சூடி வந்து நின்றபோது, சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததெல்லாம் முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. பாட்டி யாரிடமும் கொடுக்காமல் தன்னுடையதைத் தானே கட்டினார். டெய்சியும் கார்ன்ஃபிளவரும் நெருக்கி, கூட்டத்திலேயே பெரிய கண்ணி. அவர் கணவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதைத் தோழி சொன்னபோது என் கை தானாக நின்றது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பொழுது சாய்வதற்குச் சற்று முன்னால் எல்லோரும் மேட்டுக்கு ஏறினோம். இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சூரியன் இன்னும் மறையவில்லை, அதற்குள் நெருப்பு வைக்கிறார்கள். சூரியன் போன பிறகு வைத்தால் நடுவில் ஓர் இருட்டு வந்துவிடும். வெளிச்சத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்ற வேண்டும், காலையில் திருப்பிக் கொடுக்கும் வரை எரிய வேண்டும். உயரமான கம்பத்தின் உச்சியில் தனியாக ஒரு தீயும் ஏற்றினார்கள். அதன் வெளிச்சம் எதுவரை விழுகிறதோ அதுவரை வயல் விளையும் என்பது நம்பிக்கை. அதனால்தான் மேடு, அதனால்தான் கம்பம். பள்ளத்தாக்கில் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மற்ற வீட்டு நெருப்புகள். மணி 10:22. என் வீட்டு விளக்கு அன்றைக்கு ரீகாவில் ஏற்றப்படவில்லை. அம்மாவிடம் அதற்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

பாட்டு அதுவரை அங்கங்கே முனகலாக இருந்தது, நெருப்பைச் சுற்றி முழுசாக எழுந்தது. ஒவ்வொரு அடி முடிவிலும் 'லீகோ லீகோ' என்று எல்லோரும் இழுப்பார்கள், நம் ஏலேலோ மாதிரி. ஆடு, அசைந்தாடு என்று அதற்கு அர்த்தம். வீட்டு எஜமானி யாஞி அம்மா, எஜமானர் யாஞி அப்பா, வந்தவர்கள் அத்தனை பேரும் யாஞிப் பிள்ளைகள். பக்கத்துப் பண்ணைப் பிள்ளைகள் வந்ததும் ஏசல் ஆரம்பித்தது. உன் வயலில் களை இடுப்புயரம், உன் சீஸ் கட்டாந்தரை, உன் பீரில் தண்ணீர் என்று பாட்டிலேயே திட்டுவார்கள், வீட்டுக்காரர்களும் பாட்டிலேயே திருப்பிக் கொடுப்பார்கள். நம் சம்பந்தி ஏசலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மொழி புரியாவிட்டாலும் யார் ஜெயித்தார்கள் என்று புரியும்.

எல்லாம் நாலடிப் பாட்டுகள், தைனா என்பார்கள். கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் என்பவர் இவற்றைச் சின்னச் சின்னக் காகிதச் சீட்டுகளில் திரட்டி, அதற்கென்றே இழுப்பறைகள் வைத்து ஓர் அலமாரி செய்துகொண்டு, 1894 முதல் 1915 வரை தொகுதிகளாகப் பதிப்பித்தார். மொத்தம் 2,17,996 பாட்டுகள். ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த நம் உ.வே.சா.வும் ஏறக்குறைய அதே வருடங்களில்தான் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். அந்த அலமாரி இப்போது ரீகாவில் தேசிய நூலகக் கட்டடத்தில் இருக்கிறது, 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் சேர்ந்தது. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். துணி அலமாரி அளவுதான். அதற்குள் ஒரு நாடு இருக்கிறது என்றால் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

இந்த விழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் 'பேகன்' (கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாட்டுக்காரர்) என்ற சொல்லைத் தாராளமாகப் போடுகிறார்கள். லத்தீனில் அதன் மூலச் சொல்லுக்கு நாட்டுப்புறத்தான் என்று அர்த்தம், அதாவது பட்டிக்காட்டான். நம் பக்கம் மிஷனரிகள் அதே ஆட்களை அஞ்ஞானி என்றார்கள். இந்த மண்ணுக்குச் சிலுவைப்போர் வீரர்களோடு கிறிஸ்தவம் வந்தது, ரீகாவை ஓர் ஆயர் 1201-இல் நிறுவினார். தோழியின் குடும்பத்தில் யாரும் தங்களைப் பேகன் என்று சொல்லிக்கொள்வதில்லை. பாட்டி லூத்தரன் தேவாலயத்துக்குப் போகிறார், மாமா எதற்கும் போவதில்லை. பழைய தெய்வங்களையே மதமாகக் கொண்டவர்களும் உண்டு. தியெவ்துரி என்ற இயக்கத்தை 1920-களில் எர்னெஸ்ட்ஸ் பிராஸ்திஞ்ஷ் என்ற ஓவியர் தொடங்கினார். சோவியத் ஆட்சி அவரைக் கைது செய்து 1942-இல் கொன்றது. பக்கத்து லித்துவேனியாவில் கெர்னாவே குன்றுகளில் 1967-இல் இளைஞர்கள் கூடி இதே நாளைப் பழைய முறையில் கொண்டாடியதும் அதிகாரிகளின் கண்ணை உறுத்தியது. லாட்வியாவில் 1959-க்குப் பிறகு யாஞி விடுமுறையையே எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். மாட்டுக்கு ஏது விடுமுறை, பால் இருந்தது, சீஸ் செய்தோம் என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. நீ இதை நம்புகிறாயா என்று அந்த வீட்டில் யாரும் என்னை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கிளறு என்றார்கள், கட்டு என்றார்கள், விறகைத் தூக்கு என்றார்கள். இப்போது இணையத்தில் கதிர்த்திருப்பச் சடங்கு என்று தேடினால், மெழுகுவர்த்தி ஏற்றி ஆசைகளைக் காகிதத்தில் எழுதித் தனியாக எரிக்கச் சொல்லும் ஆலோசனைகள் கொட்டுகின்றன. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் விறகு சுமக்காத நெருப்பில் எனக்குச் சூடு தெரிவதில்லை.

நடுநிசிக்கு மேல் ஜோடி ஜோடியாகக் கைபிடித்து நெருப்பைத் தாண்டினார்கள். போன வருடக் கண்ணிகளைக் கொண்டுவந்து தீயில் போட்டார்கள். இளசுகள் பெரணிப் பூவைத் தேடிக் காட்டுக்குள் போனார்கள். பெரணி பூக்கவே பூக்காது, அது எல்லோருக்கும் தெரியும், போகிறவர்களுக்கும் தெரியும். இந்த ராத்திரியின் ரகசியங்களைப் பாடுகிறவர்கள் கொசுவைப் பற்றிச் சொல்வதில்லை. உண்ணியைப் பற்றியும் சொல்வதில்லை. மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும் உண்ணி இங்கே புல்லில் இருக்கிறது, தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் பெரணி தேடப் போகாதீர்கள். யாஞி ராத்திரி தூங்குகிறவன் கோடை முழுக்கத் தூங்குவான் என்பார்கள். நான் இரண்டரை மணிக்கு விறகுக் குவியலில் சாய்ந்து நன்றாகத் தூங்கினேன். யாரோ கம்பளி போர்த்திவிட்டிருந்தார்கள்.

நாலே கால் மணிக்குப் பாட்டி வந்து எழுப்பினார். கிழக்கே மரங்களுக்கு மேலே வெளுத்திருந்தது. உண்மையில் வடக்கு வானம் ராத்திரி நெடுகிலும் வெளுத்தபடியேதான் இருந்தது. வெறுங்காலோடு புல்லில் நடக்க வைத்து, பனித்துளியைக் கையால் வழித்து முகத்தில் தடவச் சொன்னார். நாலரைக்கு சூரியன் வந்தது. இங்கே சூரியன் பெண், பெயர் சௌலே. அன்று காலை ஆடிக்கொண்டே எழுவாளாம். புகையும் தூக்கமுமாக இருந்த கண்ணுக்கு ஆடியதாகத்தான் தெரிந்தது. நெருப்பில் யாரும் அதற்குப் பிறகு விறகு போடவில்லை.

ஐந்து மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன், அங்கே ஏழரை, காப்பி டம்ளரோடு வந்தாள். அப்பா போனதிலிருந்து அவள் பூ வைப்பதில்லை. கனகாம்பரம் இல்லாமல் அவள் தலையை நான் பார்த்ததே இல்லை, இப்போது பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். பாட்டியைக் காட்டலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் பாட்டியே கண்ணியோடு திரைக்குள் தலையை நீட்டிவிட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "யாருடி இது?"

"பாட்டிம்மா. இவங்க வீட்டுலதான் தங்கியிருக்கேன்."

"தாத்தா இருக்காரா?"

"இல்லம்மா. பன்னெண்டு வருஷமாச்சு."

காப்பியை ஒரு வாய் குடித்தாள். "கட்டு நெருக்கமா இருக்கு. யாரு கட்டினது?"

"அவங்களேதான்."

"ம். கை நல்ல கை" என்றாள். அப்புறம் மாவு வாங்கி வைத்திருப்பதைப் பற்றிப் பேச்சு போய்விட்டது.

அதற்குப் பிறகு என் அறையில் சில பழக்கங்கள் சேர்ந்திருக்கின்றன. காமாட்சி விளக்கை இப்போதும் அன்றாடம் ரீகாவின் பொழுது சாயும் நேரத்தில்தான் ஏற்றுகிறேன். மூன்றே முக்காலோ பத்து இருபத்திரண்டோ, அதன் இஷ்டம். விளக்குக்கு மேலே ஆணியில் போன யாஞியின் கண்ணி காய்ந்து தொங்கும், அடுத்த யாஞியில் தீயில் போட. டிராயரில் ஊரிலிருந்து கொண்டுவந்த வசம்புத் துண்டு ஒன்று இருக்கிறது. அதை ஒரு ஜூனில் பாட்டியிடம் கொடுக்கப் போய், அவர் பாதியை உடைத்து எனக்கே திருப்பிக் கொடுத்த மிச்சம்.

கடந்த யாஞியில் மேட்டில் நெருப்பு பிடித்துக்கொண்டிருந்தபோது செல்பேசி அடித்தது. அம்மா. ஊரில் மணி ஒன்றுக்குப் பத்து நிமிடம் குறை.

"தூங்கலையாம்மா?"

"தூக்கம் வரலை. நெருப்பு வச்சாச்சா?"

"இப்பத்தான்."

"எப்போ மலையேத்துவாங்க?"

விளக்கை அணைக்கிறது என்ற சொல் எங்கள் வீட்டில் கிடையாது. "மலையேத்தறதெல்லாம் இல்லம்மா, சூரியன் வந்ததும் தானா அடங்கிடும். அதுவரைக்கும் விடமாட்டாங்க."

"ராத்திரி பூரா யாரு பாத்துக்கறது?"

"முறை வச்சிருக்கோம். எனக்கு மூணு மணி."

கணக்குப் போடுகிற சத்தம் கேட்டது, அம்மா விரலில்தான் எண்ணுவாள்.

"அங்க மூணுன்னா இங்க அஞ்சரை. நான் வாசல் தெளிக்க எழுந்திருப்பேன். கூப்பிடு."